இருபது தெத்ரி

லிஃப்டுக்குள் உன் பெட்டி நுழையவில்லை, ஓத்தியா.
உன்னுடைய மடக்கு அளவுகோலாலேயே
அளந்து பார்த்தான் தோர்னிகே,
நீளவாக்கில், மூலைக்கு மூலை.
நிமிர்த்தி நிறுத்தினால் என்றுகூட வாயெடுத்து
உதட்டைக் கடித்துக்கொண்டான்.

முப்பத்தோரு வருஷம்
திபிலிசியின் பாதி லிஃப்டுகளை
ஏறவும் இறங்கவும் வைத்தவனை
எட்டு மாடியும் படிவழியே
ஆறு பேர் சுமந்து இறக்கினார்கள்.
ஐந்தாவது மாடித் திருப்பத்தில்
மூச்சு வாங்க நின்ற பாத்ரி
"இவன் இருந்திருந்தால் இதற்கொரு வழி பண்ணியிருப்பான்" என்றான்.
நான் சிரித்துவிட்டேன்.
ஏழாம் மாடி எத்தேரி பார்த்த பார்வை
இன்னும் முதுகில் ஒட்டியிருக்கிறது.

நல்லவன் நல்லவன் என்று
கோப்பை கோப்பையாய்ப் பேசினார்கள், அடக்க விருந்தில்.
எனக்குத் தெரிந்தவன் வேறு.
தேநீரைச் சத்தமாய் உறிஞ்சுகிறவன்.
சதுரங்கத்தில் மகளிடம் தோற்ற ராத்திரிகளில்
தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடிக்கிறவன்.
கிரீஸ் கையால் தொடாதே என்று நான் கத்த,
முழங்கையால் என் கன்னத்தைத் தொட்டவன்.

விளக்கே எரியாத அந்தக் குளிர்காலங்களில்
திடீரென்று ஒரு மணி நேரம் மின்சாரம் வரும்.
ஆசைப்பட்டு ஏறியவர்கள்
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்கள்.
மண்ணெண்ணெய் விளக்கோடு நீ போவாய்.
மேலேறி மோட்டாரைக் கையால் சுற்றுவதற்கு முன்
கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்பாய்:
"இன்றைக்கு வீட்டில் என்ன சமையல்?"
உள்ளே அலறிக்கொண்டிருந்த குரல்
யோசிக்கும்.
பீன்ஸ், என்று சொல்லும்.
வெங்காயம் உண்டா, கொத்தமல்லி உண்டா என்று
நீ அடுத்ததற்குப் போவாய்.
பாதிப் பேர் வீட்டில் அன்றைக்கு அடுப்பே எரிந்திருக்காது.
ஆனாலும் சொன்னார்கள்.
வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய் என்று
இருட்டுக்குள்ளிருந்து ஒருத்தி விவரித்ததை
வீட்டுக்கு வந்து எங்களுக்கு ஒப்பித்தாய்.
காய்ந்த ரொட்டியை மென்றபடி
பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

மார்ச்சில், ஆஸ்பத்திரியில்,
குழாய்களுக்கு நடுவே உன் கண்கள்
கதவைத் தேடி அலைந்தன.
எனக்கு ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.
"என்ன சமையல்?" என்றேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "புளிப்புப் பிளம்" என்றாய்.
"கொஞ்சம் பூண்டு."
உப்பு, என்று கேட்டேன்.
அதற்குப் பதில் இல்லை.

உன் மேல்கோட்டுப் பையில் இருந்தது இவ்வளவுதான்:
லிஃப்டுக் கதவின் முக்கோணச் சாவி.
சூரியகாந்தி விதைத் தோல்.
வாங்காமலே விட்ட மருந்துக்கான சீட்டு
(இதைப் பற்றி உன்னோடு தனியாக ஒரு சண்டை பாக்கி).
இருபது தெத்ரிக் காசுகள், பதினொன்று.
உன் கையால் ஓடுகிற லிஃப்டின் உண்டியலில்
நீயே எதற்குக் காசு போடுகிறாய் என்று கேட்டால்
எல்லோரும்தானே போடுகிறார்கள் என்பாய்.

நேற்று நெஸ்தான் வந்தாள்.
நான் கொடுத்து வைத்திருந்த அந்தக் காசில் ஒன்றைப் போட்டு
எத்தேரியோடு ஏறியிருக்கிறாள்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
நின்றுவிட்டது.
எத்தேரியின் கூச்சல் எட்டாவது மாடிவரை வந்தது.
செருப்பில்லாமல் ஓடி
கதவில் காதை வைத்தேன்.
உள்ளே, நிதானமாக, உன் மகளின் குரல்:
"உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல்?"
கூச்சல் நின்றது.
"பீன்ஸ்."
"கொத்தமல்லி போட்டா?"
"போடாமலா!" என்று சீறினாள் எத்தேரி.

பாத்ரி வந்து திறக்க நாற்பது நிமிஷம்.
நீயாயிருந்தால் பத்து.
அந்தக் காசை மட்டும்
அது திருப்பித் தரவேயில்லை.