பதினெட்டு விநாடி

புதுசாக விண்டோஸ் போட்டும்
ஆறரை நிமிடம்.
நேரம் பார்த்தது நானில்லை,
பான் கார்டுக்கு வந்து நிற்கும் காசிம் பாய்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
மழைத்தண்ணி கடைப்படியை நக்குகிற ஜூலை.
கறுப்புத் திரையில் புள்ளிகள்
செக்குமாடாகச் சுற்றுகின்றன,
எண்ணெயைத்தான் காணோம்.

தொடக்கத்தில் தானாக எழும்புகிறவற்றை
ஒவ்வொன்றாகத் தூங்க வைத்தேன்.
டிரைவர் மாற்றினேன். வைரஸ் தேடினேன்.
ராம் பட்டையை உருவி
பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
ஆறு நிமிடம் இருபது.
"பெருநாளைக்குள்ள வந்துருமாம்மா?" என்றார் பாய்.

மூடியைத் திறந்தபடியே போட்டபோதுதான் கேட்டது:
டொக். டொக்.
புது டிஸ்க்குக்குச் சத்தமே கிடையாது.
இது கீழ்த்தட்டில், பழையது.
கடையை இரண்டு பேராய் நடத்திய காலத்துக்
கணக்கெல்லாம் அதில்தான்.
ஜெசிந்தா மலாடில் தனிக்கடை போட்டுப் போனபின்
நகலெடுக்க நினைத்து நினைத்து
விட்டுப்போனது.
ஒவ்வொரு காலையும் இந்தப் பெட்டி
அதைக் கூப்பிட்டு,
பதில் வராமல் மறுபடி கூப்பிட்டு,
அப்புறம்தான் என்னிடம் வந்திருக்கிறது.

கேபிளைப் பிடுங்கினேன்.
பதினெட்டு விநாடி.
பாய் கைதட்டினார்.

ஜெசிந்தா எனக்குத் தரவேண்டியது
நாலாயிரத்துச் சொச்சம்,
அல்லது நான் அவளுக்கு.
சரியான தொகை அந்த டொக்குக்குள் இருக்கிறது.
செய்தித்தாளில் சுற்றி
முத்திரைத்தாள் டிராயரில் போட்டேன்.

மறுநாள் சுவிட்சைத் தட்டிவிட்டு
வழக்கம்போல் கட்டிங் டீக்குப் போய்விட்டேன்.
திரும்பி வந்தால்
திரை எழும்பி, காத்திருந்து, சலித்து,
தானே அணைந்து கிடந்தது.