துரை வேஷம்

மாசிலாமணி பாக்கியநாதன்
நாற்பத்தோரு படத்தில் வெள்ளைக்காரன்.
கலெக்டர் பதினெட்டு, மேஜர் ஒன்பது,
மிச்சமெல்லாம் பேரில்லாத துரை.
நான் அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்.
எனக்கு வசனம் ஒன்றுதான்:
"உத்தரவு துரை."

வீடு பாளையங்கோட்டை, சமாதானபுரம்.
இருபத்திரண்டு வயதில் உதட்டோரம் ஒரு புள்ளி,
தயிர் தெறித்த மாதிரி.
அடுத்த ஈஸ்டருக்குள் கழுத்து, கை, கண்ணிமை.
மாசில்லா மணி என்று பெயர் வைத்த பாதிரியார்
அப்போது உயிரோடில்லை.
அக்காளைப் பார்க்க வந்தவர்கள்
காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.
பஸ்ஸில் பக்கத்து இடம்
திருச்செந்தூர் வரை காலியாகவே வந்தது.

முறப்பநாட்டில் சுடலைக்குக் கொடை, ராத்திரி நாடகம்.
துரை வேஷக்காரனுக்குக் காய்ச்சல்.
பாய் விரித்து உட்கார்ந்திருந்த இவன் முகத்தில்
கம்பெனிக்காரர் டார்ச் அடித்தார்:
"ஏல, பவுடர் செலவு மிச்சம்லா."

தொப்பி வந்தது. பூட்ஸ் வந்தது, இடது கால் மட்டும் கடிக்கும்.
தமிழைக் கோணலாக்கி அவன் வரி கேட்டால்
சுரண்டையில் செருப்பு பறக்கும்.
ஒரு தடவை அதைப் பொறுக்கி அளவு பார்த்து
"ஜோடியில் மத்தது எங்க மேன்?" என்றான்.
எறிந்தவனே முதலில் கைதட்டினான்.

சினிமாவில் குதிரையிலிருந்து விழுந்தான்,
வாளில் செத்தான், கிணற்றில் செத்தான்,
ஒரு படத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகும் செத்தான்.
லண்டன் பார்த்ததில்லை.
இங்கிலீஷ் பரீட்சையில் முப்பத்திநாலு.

ஐம்பத்தாறு வயதில்
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா
ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாள்.
மூன்று மாதத்தில் மணிக்கட்டில்
மிளகளவு கறுப்பு.
அப்புறம் மொச்சையளவு.
ஞானசுந்தரி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள்.
போகவில்லை.
முழங்கால்படியிட்டு அழுதாள்.

அன்று ராத்திரி ஆற்றுப் பாலத்துக்கு என்னை வரச் சொல்லி
விளக்குக் கம்பத்தடியில்
கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.
"நாப்பத்திரெண்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்வே."
களிம்பை ஆற்றில் எறிவான் என்று நினைத்தேன்.
மூடியை இறுக்கித் திருகி
சட்டைப்பையில் வைத்தான்.
"படம் முடியட்டும்."

செட்டில் மேக்கப்காரன் முன்னால்
கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
முப்பத்திநாலு வருஷத்தில் முதல் பவுடர்.

கேமரா ஓடியது.
கறுப்பு மூடிய அந்த மணிக்கட்டை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
சுடச் சொல்லி உத்தரவிட்டான்.
என் ஒரே வசனம் எனக்கு மறந்துவிட்டது.

நான்காவது டேக்கில்தான் ஓகே.