அம்புக்குறி பின்னோக்கி

பொங்கோல் நூலகத்தின் ஜன்னலோரம்
பிளக் லூசாகாத ஒரே மேசை.
அதைப் பிடிக்க ஆறரைக்கே வந்துவிடுவேன்.

பதினேழு வருஷம் தஞ்சோங் பகாரில்
சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கு எழுதினேன்.
கடைசி, கடைசி 2, இதுதான் கடைசி,
ஹுய் ஷான் திருத்திய கடைசி என்று
ஒரே கோப்புக்குப் பதினோரு பெயர் வைத்தவள்.
நிறுவனம் எனக்கு வைத்தது ஒரே பெயர்:
உபரி.

இப்போது திரையில் ஒரு வட்டம்.
கட்டளையைத் தட்டினால்
கீழே இன்னொரு வட்டம் சொட்டுகிறது.
கிளை என்கிறது பாடம்.
எனக்கு அது எங்கள் எல்ஆர்டி படம்.
கிழக்கு வளையம், மேற்கு வளையம்,
பிரிந்து சுற்றி
கிளம்பிய நிலையத்துக்கே வந்து சேர்கிற
ஆளில்லாப் பெட்டிகள்.

எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன்.
'தலை கழன்ற நிலை' என்றது.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எதிரே கணக்குப் போட்ட பையன்
காதிலிருந்ததைக் கழற்றிப் பார்த்தான்.
நட்சத்திரக் குறி நடுவில் எங்கோ நின்றது,
செய்ததெல்லாம் அப்படியே இருக்க
எந்தக் கிளையிலும் இல்லாமல்.
வேலை போன மாதம்
நானும் அங்கேதான் நின்றேன்.

மூன்றாம் பாடத்தில்தான் கவனித்தேன்,
அம்புகள் கீழே போகவில்லை.
புது வட்டம் பழையதைக் காட்டுகிறது.
பிள்ளைக்குத் தாய் யாரென்று தெரியும்.
தாய்க்குத் தனக்குப் பின்னால் வந்தவரைப் பற்றி
ஒரு குறிப்பும் கிடையாது.
படம் தலைகீழோ என்று ஃபரீதாவிடம் கேட்டேன்.
சரியாத்தான் இருக்குலா, என்றாள்.

நிதிலன் தெக்கோங் தீவில் இருக்கிறான்.
ராத்திரி கொஞ்ச நேரம் கைபேசி தருவார்கள்.
'சாப்ட்டேன்.' 'ஓகே மா.'
அவன் பதிவுக் குறிப்புகள் இவ்வளவுதான்.
எங்கள் வீட்டில் அம்பு
என்னிடமிருந்துதான் கிளம்பும்:
முட்டி வலியா, காலுறை காய்ந்ததா,
யார் பக்கத்துக் கட்டில்.

போன சனிக்கிழமை
ஒட்ட வெட்டிய தலையோடு வந்தவன்
தன் மேசையில் என் மடிக்கணினியைப் பார்த்தான்.
அவன் ஸ்பீக்கர் கட்டிலுக்கடியில்.
ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனான்.
ஒரே வரியை இருவர் மாற்றினால்
கருவி திகைத்து நின்றுவிடும்.
இது உன்னுடையது, இது அவனுடையது,
இரண்டையும் நடுக்கோடு போட்டுக் காட்டும்.
எது தங்கவேண்டுமென்று அது சொல்லாது.
கையால்தான் எழுதவேண்டும்.

நேற்று பாதி மேசையைக் காலி செய்தேன்.
இன்று ஒரு வட்டத்தை வேண்டாமென்று தள்ளினேன்.
அது அழியவில்லை,
சாம்பல் நிறமாகி ஓரமாய் இருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

மூடும் அறிவிப்பு நான்கு மொழியில் வரும்.
தமிழ் கடைசி.
அதுவரை எழமாட்டேன்.

மேற்கு வளையத்தில் ஏறும்போது
கைபேசி அதிர்ந்தது.
'மேசை நீயே வச்சுக்க மா.
டிராயர்ல மட்டும் கை வைக்காத.'