பதினேழு சாமிகளின் எடை

அரையாண்டுத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு.
கேள்வி பதினொன்று:
புதிய கற்காலக் கருவிகள் – குறிப்பு வரைக.
இரண்டு மதிப்பெண்.

ஜீவிதா எழுதியிருக்கிறாள்:
"எங்க ஊர்ப் பிள்ளையார் முன்னால
பதினேழு இருக்கு.
ஆறாம் நம்பர் நானூத்திப் பன்னெண்டு கிராம்.
வாயில கொஞ்சம் பேந்திருக்கு."

விடைக்குறிப்பில் இப்படி ஏதும் இல்லை.

ஆடிச் சாரலில் தொடங்கியது இது.
பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு
சாம்பல் நிறத்தில் ஒரு படம்.
அதன்மேல் விரலை வைத்து மாதேஷ் சொன்னான்:
"மிஸ், இது எங்க சாமி."

மூன்று வருடமாக
இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறி வருகிறவள் நான்.
பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு நாளும் நடந்ததில்லை.

அன்று நடந்தேன்.
காபிச் செடிகளுக்குள், சவுக்கு மரங்களுக்குள்,
காலுறைக்குள் இரண்டு அட்டைகளோடு.
பலாவுக்கடியில் தகரக் கூரை.
முழங்கை உயரப் பிள்ளையார்.
அவர் காலடியில் வரிசையாக,
எண்ணெய் குடித்துக் கறுத்து,
ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை கூராகி
நெற்றியில்லாத கற்களுக்கெல்லாம்
நெற்றியிருக்கும் இடத்தில் குங்குமம்.

பூசாரி கரியராமன் மூன்று சொன்னார்:
தொடலாம்.
தூக்கலாம்.
மலையிறக்கக் கூடாது.

எண் போட மார்க்கரை எடுத்தேன்.
"சாமி மேல பேனாவா?"
யாரோ போய்ப் பூக்கட்டும் நூல் வாங்கி வந்தார்கள்.
பதினேழு சீட்டு, பதினேழு முடிச்சு.
மிளகு வியாபாரியிடம் இரவல் வாங்கிய தராசு
சமதரை இல்லாமல் தடுமாறியது.
என் வருகைப் பதிவேட்டை அடியில் கொடுத்தோம்.
எடை போடுமுன் கரியராமன் சூடம் காட்டினார்,
தராசுக்கும் சேர்த்து.

கட்டம் போட்ட நோட்டு.
நீளம், அகலம், எடை.
கண்டெடுத்தவர்: வீடுவீடாய்க் கேட்டு வந்தார்கள்.
"காபிக்குழி வெட்டுறப்ப, பேர் தெரியல."
"ஓடையில குளிக்கையில, எங்கப்பாவோட பெரியம்மா."
"தானா வந்துது."
அதையும் எழுதச் சொன்னேன்.

வயது என்ற கட்டத்தில் நின்றுவிட்டோம்.
ஆயிரங்களில் என்கிறது புத்தகம்.
எத்தனை ஆயிரம் மிஸ்?
அடியில் மண் இல்லை, அடுக்கு இல்லை,
சாமியாகிவிட்ட கல்லுக்குக் கிடந்த இடம் இல்லை.
காலியாக விடுங்கள் என்றேன்.
ஜீவிதா காலியாக விடவில்லை.
பதினேழு கட்டத்திலும் எழுதினாள்:
மிஸ்ஸுக்குத் தெரியாது.

மாதேஷுக்கு எழுத்து வராது.
'ழ'வைக் கண்டால் ஜன்னலைப் பார்ப்பான்.
ஆறாம் நம்பரை வலக்கையில் வைத்துப் பார்த்தான்,
இடக்கைக்கு மாற்றினான்.
கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.
"இவரு பீச்சாங்கைக்காரரு மிஸ், என்னைப் போல."

கையில் பிடிப்பதில்லை இதை,
மரப்பிடி போட்டுத்தான் வெட்டுவார்கள் என்று
புத்தகம் படித்தவளாய்ச் சொன்னேன்.

அவன் கல்லைப் பார்த்தபடியே கேட்டான்:
"பிடி போடறதுக்கு முன்னால
கையில வச்சுத்தானே தேச்சிருப்பாங்க?"

பலா இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
எந்தப் பயிற்சி வகுப்பிலும்
இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.
ஆறாம் வகுப்பில் அவன் இடக்கையிலிருந்து
பென்சிலைப் பிடுங்கி மாற்றியவளும் நான்தான்.
அதை அங்கே சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

கன்னங்குறிச்சி வீட்டில் மணி பத்தரை.
மின்விசிறிக் காற்றில் விடைத்தாள்கள் பறக்காமல்
மேலே ஒரு டம்ளர்.
ஜீவிதாவுக்கு இரண்டு போட்டாயிற்று.
வட்டாரத்திலிருந்து யாராவது கேட்டால்
ஏறி வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த தாள் மாதேஷ்.
கேள்வி பதினொன்றில் ஒரு சொல்லும் இல்லை.
ஒரு கோடு மட்டும், நிஜ அளவில்,
ஒடுங்கி இறங்கி அகன்று வளைந்து
வாயோரம் பேந்த இடத்தில் சின்னதாய்த் திக்கி
மறுபடி மேலேறி மூடுகிறது.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினேன்.
அழுத்தி வரைந்திருக்கிறான்.
விளிம்பு விரலில் தட்டுகிறது.

சிவப்புப் பேனாவின் மூடி
இன்னும் என் பல்லுக்கிடையில்.