பந்து வராத ஓட்டங்கள்

ஸ்கோர் ஷீட்டில் அவன் பெயர் இசோகாய் தக்குமா.
மைக் பிடித்தவர் மூன்று முறை தடுக்கி விழுந்து
நான்காவது முறை
ஈசாக்கு என்றார்.
அன்றிலிருந்து வியாசர்பாடிக்கு அவன் ஈசாக்கு.
முல்லை நகர்ப் பையன்கள்
இன்னா சர்ச்சுணா என்று கேட்டார்கள்.

வயது முப்பத்து மூன்று. கிளப்புகள் ஏழு.
ஜப்பானில் இரண்டாம் டிவிஷன், பிறகு மூன்றாம் டிவிஷன்,
தாய்லாந்தில் ஒன்றரை வருஷம், ஒரு வருஷத்துச் சம்பளம்,
கொல்கத்தாவில் ஒரு மழைக்காலம்,
கடைசியாக நாங்கள்:
துறைமுகத்து கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்
ஆசைக்கு நடத்திய டீம்,
ஜெர்சியின் நெஞ்சில் அவர் மகள் பெயர்.

நான் லெஃப்ட் விங்.
ஐசிஎஃப் கோட்டாவில் ஒரு வேலை,
அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கோல் போஸ்ட்.
செலக்டர் வந்து உட்கார்ந்த நாளில்
பந்தை யாருக்கும் தரமாட்டேன்.

அவன் ஓடுவான்.
கிட்டத்துப் போஸ்ட்டுக்கு ஓடுவான், வராது.
தூரத்துப் போஸ்ட்டுக்கு ஓடுவான், வராது.
பாதி தூக்கிய கையை
தலை சொறிவதுபோல் இறக்கிக்கொண்டு
நடந்து திரும்புவான்.
மறுபடி ஓடுவான்.

பி.வி. காலனியில் அத்தோ தின்னக் கூட்டிப்போனோம்.
கையால் பிசைந்து தின்றான், முட்டைக்கோஸ் மிச்சமில்லாமல்.
இரண்டாவது தட்டுக்கு
கடைக்காரர் காசு வாங்கவில்லை.
காசிமேட்டில் விடியற்காலை
ஒரு சூரையின் வாலைத் தூக்கி
வெட்டுவாயை விரலால் அழுத்திப் பார்த்தான்.
அவன் ஊர் யாய்சுவும் மீன் துறைமுகமாம்,
அப்பாவுக்கு ஐஸ் கிடங்கில் வேலையாம்.
"வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி கைய எடு"
என்றாள் மீன்காரி.
அவன் குனிந்து வணங்கினான்.
அவள் கூடையை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

ஏஜென்ட்டின் மச்சான்
தண்ணித் தொட்டிமேல் ஏறி
ஒரு முழு மேட்சையும் போனில் பிடித்திருந்தான்.
நான் வெட்டிப் போன இடங்களை மட்டும் நறுக்கி
செலக்டருக்கு அனுப்பலாம் என்று
ஒரு ராத்திரி உட்கார்ந்தேன்.
ஓரத்தில், சின்னதாக,
அவன் ஓடிக்கொண்டிருந்தான்.
எண்ணத் தொடங்கினேன், ஏன் என்று தெரியாது.
முப்பத்தொன்று.
அதில் நான் தலை நிமிர்ந்து பார்த்தது
ஆறு.

மறுநாள் பேசின் பிரிட்ஜ் பக்கம் டீக்கடையில்
விரல்களை வைத்துச் சொன்னேன்.
முப்பத்தொன்று. ஆறு.
முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.
"ஆறா? தாய்லாந்தில் நாலு."

அடுத்த மேட்ச், நாற்பதாவது நிமிஷம்.
பார்க்காமலே தட்டிவிட்டேன்,
அங்கே இருப்பான் என்று.
இருந்தான்.
வலை உப்பியது.
கொடியும் ஏறியது.
பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்ட வீட்டில்
பாத்திரத்தையே பார்த்து நிற்பார்களே,
அப்படி நின்றான் லைன்ஸ்மேன் எதிரில்.
எனக்கு இன்றைக்கும் அது ஆஃப்சைடு இல்லை.

அதற்கடுத்த மேட்சில் பதினோராவது நிமிஷம்.
பக்கத்தில் யாருமில்லை,
பந்துகூட அந்தக் கோடியில்.
முழங்கால் சுள்ளிபோல் சொன்னது,
பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
பெயர் எழுதும் இடத்தில் நானே சொன்னேன்: ஈசாக்கு.
அப்பா பெயர் கேட்டார்கள்.
அது எனக்குத் தெரியவில்லை.

அவன் கணக்கில் சென்னைக்கு நேராக
ஆட்டம் ஐந்து, கோல் பூஜ்யம்.
இப்போது யாய்சுவில்
அதே ஐஸ் கிடங்கில் இருக்கிறான்.
ரப்பர் பூட்ஸ் போட்டு ஒரு போட்டோ அனுப்பினான்,
பின்னால் வரிசையாகச் சூரைகள், உறைந்து.

கோட்டா எனக்கு வரவில்லை.
எண்ணூரில் புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டுகிறேன்.
இரண்டு காருக்கு நடுவே ஒரு முஷ்டி இடம்,
பிசகினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நிறுத்திவிட்டு இறங்கினால்
வேன் எங்களைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும்,
அடுத்த காருக்கு.
போன வாரம் ஒரு ஷிப்டில்
முப்பத்தொன்று ஏற்றினேன்.
சூப்பர்வைசரின் நோட்டை எட்டிப் பார்த்தேன்.
முப்பத்தொன்று என்றே எழுதியிருந்தார்,
ஒன்றுகூட விடாமல்.