ஆறு மீட்டரில் இருபத்திரண்டு நிமிடம்

பிப்ரவரி. ஃப்ரோயா தீவுக்கு மேற்கே
கடல் நான்கு டிகிரி.
ஓய்விந்த் இரண்டாம் கோப்பைக் காபியை நீட்டுகிறான்.
வாங்கிக்கொள்கிறேன்.
அவன் புருவம் உயரவில்லை; பழகிவிட்டான்.

மூன்று குளிர்காலங்கள் நான் இதைத் தொட்டதில்லை.
முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல்
பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.
ஆரஞ்சைச் சுளை எண்ணித் தின்றேன்.
படகேறும் முன் மீன்கிடங்கின் பின்னால் இருமுறை,
வராவிட்டாலும் இன்னொரு முறை.

உலர் உடை என்று பேர்.
கழுத்தில் ரப்பர், மணிக்கட்டில் ரப்பர்,
முதுகின் குறுக்கே ஓடும் ஜிப்பை
இன்னொருவர்தான் இழுத்து மூட வேண்டும்.
வெளியே இருக்கும் கடல் ஒரு சொட்டு உள்ளே வராது.
உள்ளே இருக்கும் கடலும் வெளியே போகாது,
அதைத்தான் விற்பவர் சொல்வதில்லை.

குளிர் முதலில் விரல்களைப் பிழியும்.
கைகால் ரத்தமெல்லாம் நடு உடம்புக்கு ஓடிவரும்.
சிறுநீரகம், பாவம்,
வெள்ளம் வந்துவிட்டதென்று மதகைத் திறக்கும்.
வறண்டு இறங்கினாலும் திறக்கும்.
கோபத்தை அடக்கத் தெரிந்தவள்தான் நான்;
இது வேறு கணக்கு.
முப்பது மீட்டரில், வலைப்பை பாதிகூட நிறையாமல்,
தொடைகளை நெருக்கிக்கொண்டு
மணலில் விசிறியாய்ப் பதிந்த சிப்பி ஒவ்வொன்றையும்
வைதுகொண்டே பொறுக்கியிருக்கிறேன்.

பிறகு டயப்பர்.
சிஸ்ட்ராண்டா கடையில், பெரியவர்களுக்கான பொதி.
கல்லாவில் பெர்க்லியோட் குரலைத் தாழ்த்தி
"அப்பாவுக்கா? எப்போதிலிருந்து?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
அந்நேரம் அப்பா கூரைமேல் ஏறித்
தகரம் அடித்துக்கொண்டிருந்தார்.
ஒரு வாரம் ஊரே அவருக்கு மீன்சூப் கொண்டுவந்தது.
காரணம் கேட்காமல் எல்லாவற்றையும் குடித்தார்.

டயப்பரும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்.
ஆகவே மறுபடி வறட்சி.
அந்த ஏப்ரலில், கரையேறிய அரைமணியில்
இடது முழங்கைக்குள் யாரோ ஆணி திருகினார்கள்.
வயிற்றுத் தோலில் நீலப் பளிங்குக் கோடுகள்.
ஹெலிகாப்டர். அழுத்த அறையில் ஐந்து மணி நேரம்.
மருத்துவர் ஆழம் கேட்டார், நேரம் கேட்டார்,
பேனாவை மூடி வைத்துவிட்டு,
"கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்?"
யோசிக்க வேண்டியிருந்தது.
அந்த அறைக்குள்ளேயே ஒரு வாளி வைத்திருந்தார்கள்.

உடைக்கு முப்பதாயிரம் குரோனர் கொடுத்திருந்தேன்.
சமையல் மேசையில் அதைக் கிடத்தி
வலது தொடையில் ஓய்விந்த் துளை போட்டபோது
வெளியே போய் நின்றுகொண்டேன்.
நாணயமளவு வால்வு. ஒரு குழாய்.
பசைபோட்டு உடம்பில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணம்.
மழித்து, துடைத்து, மூச்சைப் பிடித்து ஒட்ட வேண்டும்.
முதல் நாள் பசை பிடிக்கவில்லை:
ஒரு கணம் இதம், பிறகு
காலுறை வரை குளிர்.
இரண்டாம் நாள் வால்வைத் திறக்க மறந்தேன்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இன்று கயிற்றைப் பிடித்து ஆறு மீட்டரில் தொங்குகிறேன்.
ரத்தத்தின் குமிழிகள் அமைதியாய்க் கலைந்து போக
இருபத்திரண்டு நிமிடம்.
தொடையில் கைவைத்துத் திருகுகிறேன்.
உடனே வராது.
குழந்தையில் கற்ற நாகரிகமெல்லாம்
ஒரு நொடி வாசலை மறித்து நிற்கும்.
பிறகு வழிவிடும்.
விரல் அகல வெம்மை ஒன்று
தொடையோடு இறங்கிக் கடலுக்குள் போகிறது;
இரண்டு கோப்பைக் காபியும் அதில் உண்டு.
மீன்குஞ்சு ஒன்று கிட்டே வந்து பார்த்து
ஆர்வமிழந்து திரும்புகிறது.

மேலே, படகின் நிழலோரம்
நீர்க்கூரையில் சின்னதாய் ஒரு தூறல்.
மழை இல்லை.
ஓய்விந்த் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
சாவகாசமாய் நிற்பான், சீட்டியடித்துக்கொண்டு.
அவனுக்கு அது ஒரு விரல் நீள ஜிப்.
எனக்கு நான்கு வருடம்.

இன்னும் பதினேழு நிமிடம்.