நிகர எடை

பர்கூர் எடைமேடையில் இரவுப்பணி எனக்கு.
கிரானைட் பாளம் வரும்,
ஆனி பிறந்தால் பெங்களூரா மாங்காய் வரும்.
ஏற்று, நிறுத்து, இன்ஜினை அணை, இறங்கி வா.
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
மூன்று வரிச் சீட்டு. அறுபது ரூபாய்.

டிராயரில் இன்னொரு நோட்டு இருக்கிறது.
அதில் லாரி எதுவும் இல்லை.
தேதி, நேரம், ஏவுதளம் ஒன்றா இரண்டா,
கிளம்பும் எடை, போய்ச் சேரும் எடை.
ஒத்திவைத்த நாளுக்குப் பென்சிலில் ஒரு கோடு:
காற்று. வால்வு. காரணம் சொல்லவில்லை.
பதினோரு வருஷத்தில் இது மூன்றாவது நோட்டு.

முந்நூற்று இருபது டன் கிளம்பி
ஒன்றே முக்கால் டன் போய்ச் சேரும்.
டன்னுக்கு ஐம்பது கிலோ கழிவு என்றாலே
மண்டியில் சட்டையைப் பிடிக்கிறார்கள்.
இங்கே ஏறக்குறைய எல்லாமே கழிவு.
எரிந்தது போக,
கழன்று கடலில் விழுந்தது போக,
மிஞ்சுவது லோடு ஏற்றிய ஒரு குட்டியானை.
அதை வானத்தில் நிறுத்திவைக்க
இத்தனையையும் தொலைக்கிறார்கள்.
எனக்கு இந்தக் கணக்கு அலுக்கவே இல்லை.

இன்று ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு.
நாலரைக்கே போனை முழுசாக ஏற்றிவைத்திருந்தேன்.
ஐந்து ஐம்பதுக்கு ஹாரன்.
திம்மராயன், சந்தூர்த் தோட்டத்து லோடு.
“பத்து நிமிஷம் பொறுங்கண்ணே.”
“காய் பழுத்துடும்க்கா.”
“பத்து நிமிஷத்துலயா?”

லாரியை மேடைமேல் விட்டுவிட்டு
இரண்டு பேரும் மாடிக்கு ஏறினோம்.
வடகிழக்கில் பாலிஷ் ஃபாக்டரியின் தகரக் கூரை,
அதற்குப் பின்னால் பாதி அறுத்த பாறை,
அதற்கும் பின்னால்
இருநூற்றைம்பது கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா.

சிக்னல் திக்கித் திக்கி
ஒன்றரை நிமிஷம் பின்தங்கியிருந்தது.
போன் ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருக்க
பாறையின் தோளுக்கு மேலே
அது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது.
மாம்பழச் சதையின் நிறத்தில் ஒரு கீற்று,
நுனியில் மட்டும் வெள்ளை.
சத்தமே இல்லை.
கையில் மட்டும் “மூன்று, இரண்டு.”

“அதுவா?”
“அதுதான்.”
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“எவ்ளோ லோடுக்கா?”
பதினோரு வருஷத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.
சொன்னேன். வண்டி எடையோடு சேர்த்துச் சொன்னேன்.

பிறகு கண்ணுக்கு எட்டவில்லை. போன்தான்.
திரையில் இரண்டு கோடு:
போகவேண்டிய வழி, போகும் வழி.
ஒன்றின்மேல் ஒன்று, தைத்த மாதிரி.
மூன்றாம் கட்டத்தில் தையல் விட்டது.
முதலில் நூலளவு. அப்புறம் விரலளவு.
வர்ணனை சொன்ன பெண்
வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள்.
வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும்.
காற்றில் கலைகிற புகையை
“அங்க பாருங்க, அங்க” என்று
நான் காட்டிக்கொண்டிருந்தபோதே
அங்கே முடிந்துபோயிருந்தது.

கீழே இறங்கினோம்.
இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
“போய்ச் சேந்துச்சா?”
“இல்லண்ணே.”
“உள்ள டிரைவர் யாரும் இல்லல்ல?”
“இல்ல.”
“அப்ப சரி” என்று கதவைச் சாத்தினார்.
கியர் போடும் முன் மறுபடி எட்டிப் பார்த்து,
“அடுத்தது எப்போ?”

நோட்டை எடுத்தேன்.
போய்ச் சேர்ந்த எடை: 0.
பேனாவால்தான் எழுதினேன்.
அதன் கீழே, அடுத்தது என்று எழுதி
தேதிக்கு இடம் விட்டேன்.

நிமிர்ந்தால் திரையில் இருபது கிலோ.
லாரி போன மேடையில்
கறுப்பு நாய் வந்து சுருண்டிருந்தது.
சாலையில் கிரானைட் வண்டி திரும்புகிறது, ஹாரன்.
ஜன்னலைத் தட்டினேன்.
எழுந்து, சோம்பல் முறித்து,
ஒவ்வொரு காலாக இறங்கியது.
பத்து.
பூஜ்யம்.